இறால் தொட்டியும் ஒரு புகார் மனுவும்

அன்புக் குட்டிக்கு அம்மா எழுதுறது.

இங்க நானும் அப்பாவும், தொட்டிக்குள்ள இருக்கிறவங்களும் நல்லா இருக்கோம். நீயும் அங்க வேளைக்குச் சாப்பிட்டு, முதுகு வலி குறைஞ்சு நல்லா இருக்கேன்னு நம்பிக்கிட்டு எழுதுறேன். வாரத்துக்கு ரெண்டு தடவை போன்ல பேசுறவளுக்கு இப்போ எதுக்குக் காகிதமும் பேனாவும்னு யோசிப்பே. போன்ல சொல்ல முடியாத விஷயம்டி. உன் போன் வந்தா ஸ்பீக்கர்ல போடுன்னு உங்கப்பா பக்கத்துல வந்து உட்கார்ந்துக்கிறார், மெசேஜ் அனுப்பினா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு அதையும் படிச்சுடுறார். அதனால வேலைக்கு வந்த இடத்துல, கண் ஆஸ்பத்திரி முன்மேசையில உட்கார்ந்து எழுதுறேன். எதிர்ல எட்டு பேர் சொட்டு மருந்து விட்டுக்கிட்டு கண்ணை மூடி வரிசையா உட்கார்ந்திருக்காங்க. ரகசியம் எழுத இதைவிடத் தோதான இடம் எனக்குக் கிடைக்காது.

உன் ரூம்ல உங்கப்பா கண்ணாடித் தொட்டி வச்சு செடியும் இறாலும் வளர்க்கிறார்னு உனக்குத் தெரியும், வீடியோல காட்டினார். அவர் காட்டினது வெட்டி ஒட்டின படம், நடந்ததை நான் சொல்றேன். முப்பத்திரண்டு வருஷம் குடிநீர் ஆபீஸ்ல இந்த ஊர் குடிக்கிற தண்ணியைச் சோதிச்சு, சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்ட மனுஷன். அவர்கிட்ட போய் மீன் கடைக்காரர், ஐயா முதல்ல மண்ணைப் பரப்பி செடியை நட்டு தண்ணி ஊத்தி ஒரு மாசம் சும்மா விடுங்க, கழிவைத் தின்னுற நல்ல கிருமி உள்ள வளரணும், அப்புறம்தான் இறாலை விடணும்னு சொல்லியிருக்கார். எனக்கே தண்ணிப் பாடமான்னு சிரிச்சுட்டு, அன்னைக்கே இருபது சிவப்பு இறாலைப் பையில கட்டி வாங்கிட்டு வந்துட்டார். அரிசி மணியைவிடக் கொஞ்சம்தான் பெருசு, மீசையை ஆட்டிக்கிட்டு அழகாத்தான் இருந்துச்சு. மூணாம் நாள் காலையில இருபதும் வெளிறிப்போய் அடியில கிடந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலை, கடைக்காரர் என்ன சொன்னார்னு மட்டும் ஞாபகப்படுத்தினேன். அதுக்கு அவர், இறால் மட்ட ரகம்னுட்டார்.

அப்புறம் ஆறு வாரம் நம்ம வீட்ல ஆளில்லாத தொட்டி ஒண்ணு விளக்கு எரிய, காத்து மோட்டார் ஓட, ராஜ மரியாதையோட இருந்துச்சு. முட்டி ஆபரேஷன் ஆகி இப்போதான் நடக்க ஆரம்பிச்சிருக்கிற உன் மாமா, தடியை ஊனிக்கிட்டு பார்க்க வந்தார். பத்து நிமிஷம் குனிஞ்சு குனிஞ்சு தேடிட்டு, மாப்பிள்ளை, மீன் எங்கேன்னு கேட்டார். கிருமி வளர்க்கிறேன்னு உங்கப்பா பெருமையா சொன்னதும், மாமா காபி வேண்டாம்மான்னு கிளம்பிட்டார். ரெண்டாவது தடவை இறால் வந்தப்போ உங்கப்பா மருந்துக் கடையில குளுக்கோஸ் ஏத்துற டியூப் வாங்கிட்டு வந்தார். யாருக்கு என்னமோ ஏதோன்னு நான் பதறிட்டேன். பக்கெட்ல இருந்த இறாலுக்குத் தொட்டித் தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டுப் பழக்கணுமாம், மூணு மணி நேரம் ஸ்டூல் போட்டு நகராம உட்கார்ந்திருந்தார். நீ பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல அரை மணி நேரம் இருக்க முடியாம டீ குடிக்கப் போனவர் இவர், பொண்ணு பொறந்த சேதியே டீக்கடையிலதான் அவருக்குக் கிடைச்சுது. அதை அன்னைக்குச் சொல்லிக் காட்டணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, இறாலுக்குச் சத்தம் ஆகாதுன்னு கையைக் காட்டிட்டார்.

இந்தத் தடவை பிழைச்சுக்கிச்சு. வாரம் ஒருநாள் ஒரு கீரை இலையை உப்பில்லாம வேகவச்சுப் போடணும், கல்யாணமாகி என் சமையல்ல அவர் சொன்ன முதல் யோசனை அது. ஒருநாள் வெள்ளையா ஒரு உடம்பு மிதக்குதேன்னு நான் கத்தினேன், சும்மா இரு, அது சட்டையைக் கழட்டிப் போட்டிருக்குன்னார். நிஜம்தான், வளர வளர பழைய ஓட்டை விட்டுட்டு வந்துடுது. அப்புறம் வயித்துல மஞ்சள் முட்டையைச் சுமந்துக்கிட்டு ஒண்ணு, அடுத்து நாலு, பாசிக்குள்ள குண்டூசித் தலை அளவுக்குக் குட்டிகள், நாலு மாசத்துல நூறுக்கு மேல ஆயிடுச்சு. சாயங்காலம் ஆனா அதன் முன்னாடி நாற்காலியைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துடுவார். டிவி இல்லை, சண்டை இல்லை. வேலை முடிஞ்சு வந்து நானும் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டேன், எனக்கும் பிடிச்சிருந்ததுன்னு உன்கிட்ட மட்டும் ஒத்துக்கிறேன்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் பல் டாக்டர்கிட்ட போயிருந்த நேரம், உன் ரூம் அலமாரிக்குப் பின்னாடி கரப்பான் பூச்சி. மருந்து டப்பாவை எடுத்து ஒரு அழுத்து அழுத்தினேன்னு எழுத ஆசைதான், அஞ்சு தடவை அழுத்தினேன். ஜன்னலைத் திறந்து விட்டுட்டு சமையலறைக்குப் போனவ அதோட மறந்துட்டேன். உங்கப்பா மரத்துப் போன வாயோட வந்து பார்த்தா, இறால் எல்லாம் கிறுகிறுன்னு சுத்துது, மல்லாந்து விழுது. அவருக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. தண்ணியை மாத்துறார், அழுக்கை உறிஞ்சட்டும்னு கரியைப் போடுறார், ஏன்னு தெரியலையேன்னு புலம்புறார். நானும் ஏன்னு தெரியலையேன்னேன். அந்த நிமிஷம் எனக்கு நிஜமாவே தெரியாது குட்டி. விடியறதுக்குள்ள கண்ணுல பட்டதெல்லாம் செத்துப் போச்சு. மறுநாள் இங்க கூட்டுற அம்மா எறும்புக்கு அதே மருந்தை அடிச்சுட்டு டப்பாவை என் மேசையில வச்சாங்க. பின்பக்கம் பொடி எழுத்துல, மீன் தொட்டிகளை அகற்றவும் அல்லது மூடி வைக்கவும்னு போட்டிருந்துச்சு. இத்தனை வருஷம் கண் ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருக்கிறவளுக்கு அந்த எழுத்து அன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு.

சாயங்காலம் சொல்லிடணும்னுதான் வீட்டுக்குப் போனேன். அதுக்குள்ள அவர் குற்றவாளியைக் கண்டுபிடிச்சு வச்சிருந்தார். திங்கட்கிழமை குழாய்த் தண்ணி மாத்தியிருக்கார், அதனால குழாய்த் தண்ணிதான் காரணம். மூணு பக்கத்துக்குப் புகார், அதுவும் அவர் வேலை பார்த்த ஆபீஸுக்கே. சோதனை செய்பவரின் கவனக்குறைவுன்னு ஒரு வரியில அடிக்கோடு வேற. அவருக்கு அப்புறம் அந்த நாற்காலிக்கு வந்த அம்மா, நேர்லயே பாட்டில் எடுத்துக்கிட்டு வந்து நம்ம குழாய், தெருக் குழாய், தொட்டின்னு மூணு இடத்துல தண்ணி பிடிச்சுட்டுப் போனாங்க. குழாய்த் தண்ணியில ஒரு குறையும் இல்லை, புகார்தாரர் தமது வீட்டில் சரிபார்த்துக்கொள்ளவும்னு பதில் வந்துச்சு. ஆபீஸ்ல இருந்தப்போ எல்லாப் புகாருக்கும் பதிலா அந்தக் கடைசி வரியை எழுதி வச்சுட்டு வந்ததே உங்கப்பாதான், யார் வாயையும் அடைக்கிற வரின்னு என்கிட்டயே பீத்திக்கிட்டவர். படிச்சார், முகத்துல ஈயாடலை. உடனே மேலதிகாரிக்கு இன்னொரு மனு. இத்தனை நடக்குறப்போ நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு ஒவ்வொரு நாளும் அது பெருசாகிக்கிட்டே போச்சு.

பதினஞ்சு நாள் கழிச்சு அந்த லேப் அம்மா, அவங்க மாமியாருக்குக் கண் காட்ட இங்கயே வந்தாங்க. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சுது. சார் கொடுத்த மனுவால அவங்ககிட்ட விளக்கம் கேட்டிருக்காங்களாம், வரவேண்டிய பதவி உயர்வை நிறுத்தி வச்சிருக்காங்களாம், அடுத்த வாரம் விசாரணையாம். சார்கிட்ட நான் என்ன தப்பு பண்ணேன்னு கேட்டுச் சொல்றீங்களாம்மான்னு கேட்டாங்க. கோபமா கேட்டிருந்தாக்கூட தாங்கியிருப்பேன், நிஜமாவே தெரிஞ்சுக்கிறதுக்காகக் கேட்டாங்க. நான் அவங்க மாமியார் பேரைக் கூட நோட்டுல தப்பா எழுதினேன்.

அன்னைக்கு சாயங்காலம் காபியைக் கையில கொடுத்துட்டு, டப்பாவை அவர் முன்னாடி வச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன். உங்கப்பா டப்பாவைத் திருப்பி, மருந்தோட பேர்ல ஆரம்பிச்சு கடைசி எழுத்து வரைக்கும் படிச்சார். எத்தனை அழுத்துன்னு கேட்டார். அஞ்சுன்னேன். அதோட மூணு நாள் பேசலை. நாலாம் நாள் காலையில ஆபீஸ் போற காலத்துச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக்கிட்டார். நானும் வர்றேன், நானே சொல்றேன்னேன். நீ வேலைக்குப் போன்னுட்டார். மத்தியானம் லேப் அம்மா எனக்கு இங்கயே போன் பண்ணாங்க. சார் எல்லார் முன்னாடியும் நின்னுக்கிட்டே, தண்ணியில குறை இல்லை, தப்பு என்னோடதுன்னு சொல்லி எழுதிக் கொடுத்துட்டார், விசாரணையை முடிச்சுட்டாங்கன்னு சொன்னாங்க. பதவி உயர்வு உத்தரவு இன்னும் கைக்கு வரலை, வந்துடும்னு சொல்றாங்க.

நேத்து அவர் மேசையைத் துடைக்கும்போது அந்தக் கடிதத்தோட நகல் கிடைச்சுது. தொட்டி இருந்த அறையில் நானே கவனக்குறைவாகப் பூச்சி மருந்து அடித்துவிட்டேன்னு, அந்த அழகான கையெழுத்துல. என்னைப் பத்தி ஒரு எழுத்து இல்லை. கார் சாவியைத் தொலைச்சதும், உன் முதல் பிறந்தநாள் பத்திரிகையில தேதியைத் தப்பா அடிச்சதும், முதல் இருபது இறாலைக் கொன்னதும் இன்னைக்கு வரைக்கும் அடுத்தவங்க தப்புதான். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல உங்கப்பா தன்னோடதுன்னு ஒத்துக்கிட்ட ஒரே தப்பு, நான் பண்ணது.

நகலை இருந்த இடத்துலயே வச்சுட்டேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது, நீ போன்ல உளறி வச்சுடாதே. பாசிக்குள்ள ஒளிஞ்சிருந்த பதினொண்ணு பிழைச்சிருக்கு, அதுல ரெண்டுக்கு வயித்துல முட்டை. காலையில வெறும் வயித்தோட ஓடாதே, நாற்காலியில முதுகுக்குத் தலகாணி வச்சுக்கோ. எந்தக் குறையும் உன்னை அண்டாம, நினைச்சதெல்லாம் கைகூடி நிறைவா இருக்கணும். டாக்டர் மணி அடிக்கிறார், எட்டு பேரும் கண்ணைத் திறக்கப் போறாங்க.

என்னைக்கும் உன் நினைப்போட,
உன் அம்மா