ஈஸ்டருக்கு அப்புறம் கடல் குளியல்

அடையாளக் கார்டைத் தேடி இன்று காலை பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தேன். கார்டு கிடைக்கவில்லை, உன் காலண்டர் தாள் கிடைத்தது. பின்பக்கம் முழுக்க உன் குண்டு குண்டு எழுத்து. லங்காவித் தீவு, மூன்று நாள். பஸ், படகு, சமாதி, குரங்கு, கடல் என்று வரிசை போட்டிருந்தாய். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ரப்பர் தோட்டத்தில் அடுத்தடுத்த மர நிரையில் பால் வெட்டியவர்கள் நாம். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் சில வாரங்கள்தான் நமக்கு ஓய்வு. அது சொல்லி வைத்ததுபோல் உன் தவக்காலத்தில் வந்து விழும். வேதக்காரி நீ, ஈஸ்டர் வரை கறி கிடையாது, சினிமா கிடையாது, சிரிப்புக்கூட அளந்துதான். "ஈஸ்டர் முடியட்டும்லா" என்பாய். ஈஸ்டர் முடிந்தால் மரம் துளிர்த்திருக்கும், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வேலைக்குக் கூப்பிடுவார். நான்கு வருடம் திட்டம் போட்டோம், பக்கத்து ஊர் கோலா கெத்திலைத் தாண்டவில்லை.

ஐந்தாம் வருடம் நான்தான் சண்டை பிடித்தேன்.

"உங்க சாமி படைச்ச கடலைப் போய்ப் பாக்குறது எப்படிடி பாவமாகும்?"

ஒரு நாள் முழுக்க யோசித்தாய். மறுநாள், "போவோம். ஆனா நான் தண்ணியில எறங்க மாட்டேன். அது ஈஸ்டருக்கு அப்புறம், வேற தடவை" என்றாய்.

சொன்னபடியே செய்தாய். அத்தனை தூரம் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் மணலில் நின்றாய். நீ நனையாமல் நான் மட்டும் எப்படி நனைவது? பல்லைக் கடித்துக்கொண்டு நானும் நின்றேன்.

பழி சுமத்திக் கொல்லப்பட்டவள் என்று சொல்கிறார்களே, அந்தப் பெண்ணின் சமாதியில்தான் உன் முகம் மாறியது. "ஒண்ணும் செய்யாதவளக் கொன்னுட்டு, இப்ப பஸ்ஸு பிடிச்சு வந்து பாக்குறாங்க பாரு" என்று மூக்கைச் சிந்தினாய். வெளியே வந்ததும் ஒரு குரங்கு உன் கையிலிருந்த ரொட்டியைப் பறித்துக்கொண்டு மரமேறியது. "தின்னட்டும், அதுக்கென்ன தவக்காலமா?" என்றாய். அன்று நீ சிரித்த சிரிப்பை நீயே அளக்கவில்லை.

அடுத்த வருடம் உன் மகள் கல்யாணம். அதற்கடுத்த வருடம் உன் மார்பில் கட்டி. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், "இந்த ஈஸ்டருக்கு அப்புறம் நிச்சயம்டி" என்றாய். ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது உன்னைப் புதைத்தோம். எனக்கு உன் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. ஒரே ஒரு முழுக்குப் போட்டிருக்கலாம் நீ.

நேற்று உங்கள் ஈஸ்டர். இன்று தாளைக் கையில் வைத்துக்கொண்டே மண்டோர் வீட்டுக்குப் போனேன். "மூணு நாளு வேலைக்கு வர மாட்டேன்" என்றேன். மரம் துளிர்த்த நேரத்திலா என்று கத்தினார். கத்தட்டும். கார்டும் தலையணைக்கு அடியிலிருந்து கிடைத்துவிட்டது. நாளைக் காலை முதல் பஸ்.

தீவில் இப்போது பெரிய பெரிய கடைகள் வந்துவிட்டனவாம். அதெல்லாம் எனக்கு எதற்கு? போய்ப் பார்த்ததையெல்லாம் தாளில் நீயே பென்சிலால் கோடு போட்டு அடித்திருக்கிறாய். கடைசி வரி மட்டும் அப்படியே இருக்கிறது: "கடல் குளியல் - ஈஸ்டருக்கு அப்புறம்."

எனக்கு நீந்தத் தெரியாது, இடுப்பளவு தண்ணீர் போதும். இரண்டு முழுக்குப் போடுவேன். முதல் முழுக்கு உனக்கு. பையில் பென்சில் இருக்கிறது. கரையேறி, ஈரக் கையோடு அந்த வரியை நான் அடிப்பேன்.