முறைக்கும் உரிமையுடன் ஒரு நியமனக் கடிதம்

23 நவம்பர் 2025, ஞாயிறு

வேலை செய்கிற எல்லாருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமையிலிருந்து புதுச் சட்டம். அர்த்தநாரி அண்ணனின் ஜவுளிக் கடையில் அம்மா ஒன்பது வருஷமாகச் சேலை விரித்துக் காட்டுகிறாள். கடை கொடுத்த ஒரே தாள், தினசரி காலண்டர்.

சரி, நானே கொடுத்துவிட்டால் போகிறது. கடையின் பில் தாளில் எழுதினேன்:

'நியமனக் கடிதம். பெயர்: ஷஹர்பானு. உட்கார நாற்காலி உண்டு. நாற்பது சேலை பார்த்துவிட்டு "கலர் இல்லை" என்பவரை முறைக்கும் உரிமை உண்டு. சேர்ந்த தேதி: 22-8-2016.'

தேதி எனக்கு மறக்காது. முந்தின நாள்தான் கேட் மேலிருந்து குதித்து முன்பல்லை உடைத்துக்கொண்டேன். என்னால் அம்மா முதல் நாளே லேட்.

கீழே முதலாளி கையெழுத்து - நாமக்கல் கோழி கிறுக்கின மாதிரி. கடிதத்தை அம்மாவின் டிபன் பையில் செருகியாச்சு. ஷைமா, நீ ஒரு மேதை.

24 நவம்பர்

மேதை இல்லை. மேதைக்குப் பக்கத்து ஊர்கூட இல்லை.

அம்மா மேல் இரண்டு வரியை மட்டும் படித்திருக்கிறாள். கடையே கொடுத்தது என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டதாம். கூட வேலை செய்யும் ராசம்மாள் அக்காவிடம் காட்ட, அக்கா நேரே முதலாளியிடம்: "பானுவுக்கு மட்டும் குடுத்தா எப்படிங்க? எங்களுதெல்லாம் எங்கீங்க?" பின்னாலேயே ஆறு பேர்.

வாங்கிப் பார்த்தவர், "கடை பேர்ல கள்ளக் கடுதாசியா? நாளைக்கு வர வேண்டாம்மா."

அம்மா என்னைத் திட்டவில்லை. தோசை சுட்டுப் போட்டாள். ஏன் திட்டல? திட்டித் தொலைச்சிருக்கலாமே...

25 நவம்பர்

கடைக்குப் போய் ஒப்புக்கொண்டேன்.

அர்த்தநாரி அண்ணன் கடிதத்தை நீட்டினார். "முறைக்கிறது எந்தச் சட்டத்துல இருக்குது?"

கணக்குப் பார்க்கும் கௌதமன் அண்ணன் தலையைத் தூக்கினார். "அது மட்டுந்தானுங்க இல்ல. நாற்காலி நம்ம தமிழ்நாட்டுச் சட்டத்துலயே நாலு வருசமா இருக்குது. கடுதாசி இப்ப வந்த சட்டம். ஏழு பேர் கேட்டுட்டாங்க, குடுத்துத்தான் ஆகோணும்."

நாற்காலிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் சேலைப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

"பானும்மாவ வரச் சொல்லு. நீ இந்தப் பக்கம் வந்தராத சாமி." கடிதத்தோடு வீட்டுக்கு ஓடி வந்தேன்.

1 டிசம்பர்

எல்லாருக்கும் கடிதம் வந்தது. எல்லாரும் சேர்ந்த தேதி: 1-12-2025!

ஒன்பது வருஷம் காலி. நாளைக்கு வேலையை விட்டு நின்றால், அம்மா அங்கே இருந்ததற்கே சாட்சி இல்லை.

ராசம்மாள் அக்கா வீட்டுக்கு வந்து நடித்தே காட்டியது. எதுவும் கேட்காத என் அம்மா, கையெழுத்துப் போடாமல் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தாளாம். "தேதிய இதுல இருக்கறாப்புல போட்டுக் குடுங்க."

"அது உம்புள்ள வெளையாட்டுக்கு எழுதினதும்மா."

"எழுதினது வெளையாட்டுங்க. வேலை செஞ்சது வெளையாட்டில்லீங்க."

ராசம்மாள் அக்காவும் பேனாவை மூடி வைத்துவிட்டதாம். மற்றவர்களும்.

3 டிசம்பர்

முதலாளி இன்னும் தேதியை மாற்றித் தரவில்லை. நகம் தீர்ந்துவிட்டது.

6 டிசம்பர்

22-8-2016. அம்மாவின் புதுக் கடிதத்தில் அதே தேதி, கீழே முதலாளியின் அசல் கையெழுத்து - என்னுடையதைவிட மோசம்.

இரண்டு கடிதத்தையும் அம்மா ரேஷன் கார்டு உறையில் ஒன்றாக வைத்தாள். "என்னுது எதுக்கு?" என்றேன்.

முறைத்தாள். உரிமை இருக்கிறதே.