குழாய் வாயில் பிசிறு

மே 4, ஞாயிறு
நித்யஸ்ரீ தூத்துக்குடிக் காலேஜிலிருந்து லீவுக்கு வந்துவிட்டாள். கூடவே கடல் தண்ணீர் இரண்டு கேன், மூன்று பாட்டில். ஒவ்வொரு பாட்டிலிலும் சேறு ஒட்டிய விரல் நீளக் குழாய். உள்ளே புழு குடியிருக்கிறதாம். விலங்கியல் படிப்பு என்றால் யானை, புலி என்றல்லவா நினைத்திருந்தேன்?

மே 7
மூன்று நாள் பயிற்சிக்குக் கோயம்புத்தூர் போய்விட்டாள். தினமும் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும், புழுவுக்குத் தீனியாகப் பாசித் தண்ணீர் ஐந்து சொட்டு விட வேண்டும். என் பொறுப்பு.

மே 8
புழு அழகுதான். விசிறி மாதிரி விரிகிறது, நிழல் பட்டால் சட்டென்று உள்ளே போகிறது. ஆனால் மூன்று குழாய் வாயிலும் ஒரே பிசிறு! பத்தொன்பது வருடமாக பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள் நான், எப்படிச் சகிப்பேன்? புழு உள்ளே போன சமயம் பார்த்துக் கத்தரியால் நறுக்கிவிட்டேன். இப்போது பளிச்சென்று இருக்கிறது.

மே 10
வந்ததும் லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.
"அம்மா, குழாய் வாயில முடி மாதிரி இருந்துச்சே, எங்க?"
"பிசிறா? வெட்டிட்டேன்."
"அய்யோ, அதுதாம்மா என் பிராஜெக்டே!"
ஹைட்ராய்டாம். கூட்டமாக ஒட்டி வாழும் உயிராம். புழு பிடிக்கும் இரையில் பங்கு தின்னுமாம். அதற்காகத்தான் ஒன்றரை மாதம் கடலில் தேடினாளாம். ஜூன் இரண்டாம் தேதி அவள் சாரிடம் காட்ட வேண்டும். அழுதாள். என் கை ஏன் சும்மா இருக்கவில்லை? பாவி நான், பாவி.

மே 11
நித்யா கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடவும் இல்லை.

மே 12
கம்பெனியில் பனியன் சரிபார்க்கும் செக்கிங் டேபிளிலேயே அழுதுவிட்டேன். பக்கத்து டேபிள் செல்லாத்தாள் அக்கா விசாரித்தார்.
"ஏனுங்க அம்மணி, புள்ளைகிட்டத் தப்புன்னு சொன்னீங்களா?"
சொல்லவில்லைதான்.
"அப்பறம் இங்க அளுது என்னங்க ஆவுது?"
சாயங்காலம் சொன்னேன். "தெரியாமச் செஞ்சிட்டேன் தாயி, மன்னிச்சிரு." பாட்டிலைக் கொட்டப் போனவள் நின்றாள். எங்கே வெட்டினேன் என்று கேட்டாள், காட்டினேன். ரொம்ப நேரம் லென்ஸில் பார்த்தாள்.
"நீட்டிக்கிட்டு இருந்ததத்தான் வெட்டியிருக்க. குழாயோட ஒட்டுன வேர் அப்படியே இருக்கும்மா."
"முளைக்குமா?"
"தெரியல."

மே 19
ஒன்றுமில்லை. ஐந்து சொட்டு விட்டேன்.

மே 24
காலையில் ஒரே கத்தல். ஓடிப்போய் லென்ஸில் பார்த்தேன். குழாய் வாயோரம் குட்டிக் குட்டியாக நான்கு உருவம். ஒவ்வொன்றுக்கும் இரண்டே கை. இரண்டையும் தூக்கி, பல்லடம் பஸ்ஸை நிறுத்துகிறவர்கள் மாதிரி நிற்கின்றன. கண் நிறைந்து அதற்குமேல் எதுவும் தெரியவில்லை.

ஜூன் 2
காலேஜுக்குத் திரும்பிய நித்யா போன் செய்தாள். வெட்டினால் எத்தனை நாளில் முளைக்கிறது என்பதையே பிராஜெக்டாகச் செய்யச் சொல்லிவிட்டாராம் சார். வெட்டியது யார் என்று கேட்டாராம். அம்மா என்று சொன்னாளாம்.

ஜூன் 14
நித்யா ஆறு பாட்டிலோடு வந்து நிற்கிறாள். லேபில் வெட்டிப் பார்த்தார்களாம், வேரோடு பிய்ந்துவிட்டதாம். என் கத்தரியை எடுத்து என் கையிலேயே கொடுத்தாள்.
"அன்னைக்கு வெட்டுன மாதிரியே வெட்டணும்மா."
முதல் குழாயில் புழு உள்ளே போகும்வரை காத்திருந்தேன். பிறகு வேலை தானாக வந்தது. ஆறையும் முடித்தேன். செக்கிங் அவள் பார்த்தாள். ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் இல்லை.