அலெக்சாண்டரின் தகப்பன் விவகாரம்

அன்பு மகன் கெர்லாக்குக்கு, ட்ரியரிலிருந்து அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் கை கால்களோடு சுகமாக இருக்கிறோம், உன் அப்பாவின் வலது கையும் மணிக்கட்டிலேயேதான் இருக்கிறது, இந்த மாதம் அதுவே பெரிய விசேஷம். நீயும் போலோன்யாவில் சட்டத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டு நலமாக இருப்பாய். வீட்டுக்கு ஆபத்து வந்தபோது அந்தச் சட்டம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்துவிட்டது, என்ன செய்வது.

எர்லன்பர்க் பிரபு தனக்கு அலெக்சாண்டர் சரித்திரம் லத்தீனில் வேண்டுமென்று அப்பாவை எழுதச் சொன்னார். மடத்தில் இரவல் வாங்கிய பிரதிகளில் ஆளுக்கொரு அலெக்சாண்டர். ஒன்றில் கண்ணாடிப் பீப்பாயில் கடலுக்குள் இறங்குகிறான், ஒன்றில் ராட்சசப் பறவைகளைக் கூடையில் பூட்டி வானத்துக்குப் போகிறான், சாமியார்கள் கை வைத்த பிரதியிலோ போகிற ஊரெல்லாம் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுகிறான், உலகத்தை எப்போது ஜெயித்தானோ தெரியவில்லை. அப்பா ஒன்றையும் விடவில்லை. எகிப்திலிருந்து ஓடிவந்த மந்திரவாதி ஒருவன், ராஜா ஊரில் இல்லாத சமயம் ராணியிடம் சாமி வரப்போகிறது என்று சொல்லிவிட்டு, தானே சாமி வேஷத்தில் வந்தானாம், அப்படிப் பிறந்தவன்தான் அலெக்சாண்டராம், அதையும் எழுதிவிட்டார். அந்தக் காலத்தில் கோட்டையில் வேட்டைப் பருந்துகளைப் பழக்கிக்கொண்டிருந்த பருந்துக்காரனையும் நம் பிரபுவின் பிறப்பையும் முடிச்சுப் போட்டு ஊர் பேசுவது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். உன் அப்பாவுக்குத் தெரியாது. அவருக்கு லத்தீன்தான் தெரியும்.

மார்ட்டின் திருநாள் விருந்தில், வாத்துக்கறிக்கு நடுவே, கோட்டைச் சாமியார் அதை வாசித்து நம் பாஷையில் சொல்லச் சொல்ல, எவனோ களுக்கென்று சிரித்துவிட்டான். பிரபு எழுந்து, "இதை எழுதின கையை வெட்டுங்கடா" என்றார். அப்பா மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், "மூலத்துல அப்படித்தாங்க இருக்கு" என்றாராம், எவ்வளவு சமயோசிதம் பார். நிலவறையில் போட்டுவிட்டார்கள்.

நான் ஓடிப்போய்ப் பிரபுவின் தாயார் இர்மெங்கார்ட் அம்மாளின் காலில் விழுந்தேன். கதையைக் கேட்டு அவர் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு தடியை ஊன்றிக்கொண்டு மகனிடம் போய், என்னை வைத்துக்கொண்டே, "ஏண்டா, அலெக்சாண்டரையும்தான் ஊரு பேசுச்சு, அவன் போயி உலகத்தை ஜெயிச்சான். நீ எழுதுறவன் கையை வெட்டு, பேசினதெல்லாம் நெஜம்னு நீயே தண்டோரா போட்ட மாதிரி இருக்கும்" என்றார். பிரபு முகம் பீட்ரூட்டாகிவிட்டது. மந்திரவாதியை எடுத்துவிட்டால் கை தப்பும் என்றார். நிலவறையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியதும் அப்பா மறுபடி மூலம் என்று வாயெடுத்தார், நான் அவர் காலை மிதித்தேன். இப்போது ராணி பத்தினி, மந்திரவாதி வெறும் ஜோசியக்காரன். இதுதான் சுத்தமான பிரதி என்று மடத்திலிருந்து நகலெடுக்க வரிசையில் நிற்கிறார்கள்.

நிலவறை ஈரத்தில் அப்பாவுக்கு விரல் வீங்கியிருக்கிறது, ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து கையைத் தடவிப் பார்க்கிறார். அந்தச் சத்தத்துக்கு நானும் விழித்துக்கொண்டு, தூங்குகிற மாதிரி படுத்திருப்பேன். ஈஸ்டருக்கு அவசியம் வா. குளிரில் கம்பளி இல்லாமல் திரியாதே. ஆண்டவர் உன்னை நோய்நொடி அண்டாமல் காக்கட்டும்.

நேற்று இர்மெங்கார்ட் அம்மாள் ரகசியமாக ஆள் அனுப்பினார். தனக்கென்று தனியாக ஒரு பிரதி வேண்டுமாம், மந்திரவாதியோடு. அவன் படத்தை நல்ல லட்சணமாக வரையச் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

உன் அம்மா,
ரிச்லிண்ட்