செல்லி இன்னும் வரல

இன்று காலை மாட்டுப்பட்டி ரோட்டில் பச்சை யானைச்சாணத்தின் வாசம் அடித்தது. ஜீப்பில் வந்த விருந்தாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நாம் இருவரும் டூரிஸ்டுகளுக்கு வழிகாட்டும் வேலைக்கு ஆசைப்பட்டோம். அதற்கு இங்கிலீஷ் வேண்டுமே என்று உன் மகளிடமே பாடம் கேட்டோம். தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயத்து வாசலில் அவள் பெரிய டீச்சராகிவிடுவாள். மூணாறு என்பது இந்த ஊருக்கு மட்டும் உரிய பெயர், எலிபெண்ட் எல்லா யானைக்கும் பொதுப்பெயர், ஹெர்ட் என்றால் கூட்டத்துக்கே ஒரு பெயர் என்பாள். டீயை எண்ண முடியாது என்று அவள் சொன்ன அன்று நீ சிரித்த சிரிப்பு அடுத்த லயம் வரை கேட்டது.

"அதான் நம்மகிட்ட நிறுத்து வாங்குறாக போல!"

யானை விஷயத்தில் மட்டும் நீ அவளுக்கு மசியவில்லை. தேயிலைக்குள் வந்துபோகும் யானைகளுக்கெல்லாம் நம் தோட்டத்தில் பெயர் உண்டு. காது கிழிந்தவள் செல்லி, நீண்ட தந்தக்காரன் கொம்பன். "செல்லிக்கும் கொம்பனுக்கும் எப்படிடி ஒரே பேரு?" என்று மல்லுக்கு நின்றாய்.

வேலை கிடைத்து, நம்மை முதன்முதலாக ஒன்றாக ஜீப்பில் அனுப்பிய அந்தச் சாயங்காலம், யானைக்கூட்டம் ரோட்டைக் கடந்து சோலைக்குள் இறங்கியது. கடைசி வாலும் மறைந்ததும், "ஹெர்ட் ஃபினிஷ்" என்று விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொன்னேன். டிரைவர் சாவியைத் திருப்பினார். நீ அவர் கையைப் பிடித்துவிட்டாய்.

"அண்ணே, எடுக்காதீக. செல்லி இன்னும் வரல. அவ குட்டி மட்டும்தான் போயிருக்கு."

"கூட்டமே போயிருச்சேம்மா."

"கூட்டம் போச்சு. செல்லி போகல."

மேலே தேயிலை அசைந்தது. கிழிந்த காதோடு அவள் இறங்கி, குட்டி போன வழியில் ஓடினாள். தரை அதிர்ந்தது. வண்டியை எடுத்திருந்தால் தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போய் மாட்டியிருப்போம். யானையை விட்டுவிட்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை கறுத்த முதுகுகள் ஒன்றாக நகர்கையில், அங்கே இல்லாத ஒருத்தியை நீ எப்படிப் பார்த்தாய்? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கேட்டபோது உனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

"ஏட்டி, சாப்பிட உக்காரும்போது வீட்டுல ஒரு ஆளு இல்லன்னா உனக்குத் தெரியாதா?"

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. நான் இப்போது நன்றாகவே இங்கிலீஷ் பேசுகிறேன். வேலை முடிந்து திரும்பும்போது, கொழுந்துச் சாக்கோடு சரிவிலிருந்து இறங்கும் பெண்கள் ரோட்டைக் கடக்கட்டும் என்று ஜீப் நிற்கும். எல்லோரும் கடந்ததும் டிரைவர், "போயாச்சு, எடுக்கட்டுமா?" என்பார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. யாருக்காக என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் உன் பெயரைத்தான் சொல்வேன்.