தங்கைக்கு விரித்த துணி

ஆவணி 6, வெள்ளிக்கிழமை

தன் மகள் கல்யாணப் பத்திரிகையை முதலில் தாய்மாமனான எனக்குத்தான் வைக்க வேண்டும் என்று தங்கை சரசு இன்று பொங்கலூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். பத்திரிகைக்குத் தடவிய மஞ்சள் அவள் கையிலும் சேலையிலும் ஒட்டியிருந்தது.

புது வீட்டு ஹாலில் சோபா, திரைச்சீலை, தரைவிரிப்பு எல்லாமே வெள்ளை. நானே ஆசைப்பட்டு வாங்கியவை. என் பனியன் கம்பெனியில் வெள்ளைச் சரக்கு ஓடும் நாளில், அடியில் துணி விரிக்காமல் எதையும் வைக்க விடமாட்டேன். இருபது வருஷப் பழக்கம். அவள் உட்காரப் போனதும், டீப்பாயில் கிடந்த சாம்பிள் துணியை என் கை தானாக எடுத்து சோபாவில் விரித்துவிட்டது.

சரசு சிரித்தாள். “ஏனுங்கண்ணா, நான் என்ன சாயம் போற துணியாட்டம் இருக்கறனுங்களா?”

“அட, அப்படியில்ல கண்ணு, உக்காரு” என்று துணியை உருவினேன். அவள் உட்காரவில்லை. நின்றபடியே பத்திரிகைத் தட்டை நீட்டினாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. நீங்க சபையில வந்து நின்னாப் போதுங்கண்ணா.”

காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

சோபாவில் ஒரு பொட்டுக் கறை இல்லை. கல்யாணத்தன்று, மாமனுக்கென்று அவளே ஜமக்காளம் விரித்து உட்காரச் சொல்வாள். அதில் எந்த முகத்தோடு போய் நான் உட்காருவேன்?