கதவு பூட்டுகிற சாவி

டாஃபின் பக்கம், பண்ணை வீடு
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஹாலியாவுக்கு அம்மா எழுதுவது,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய், நலமில்லை என்று எழுதினால் அடுத்த விமானம் பிடித்து ஓடி வருவாய், அதனால் இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொள். அங்கே உனக்கு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த வடக்குக் குளிரில் ராத்திரி ஆஸ்பத்திரி வேலைக்கு நடந்தா போகிறாய்? பனிக்காற்று அடித்தால் உன் போன் செத்துவிடுகிறது, கிடைத்தாலும் பாதி வார்த்தைதான் வந்து சேருகிறது, இது பாதி வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்றுதான் பேனாவை எடுத்தேன். அப்பாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், ஆனால் கார் கதையைச் சொல்லாமல் அது உனக்குப் புரியாது, பொறுமையாகப் படி. எனக்குத்தான் பொறுமை இல்லை, இதை எழுதும்போதே எத்தனையோ தடவை எழுந்து ஜன்னலில் போய் நின்றுவிட்டேன்.

பக்கத்துப் பண்ணை நெஸ்டர் தன் பிக்கப்பில் உன்னை விமானத்துக்குக் கூட்டிப் போனாரே, அன்றிலிருந்து கார் மக்கர் செய்கிறது. சாவியைத் திருகினால் உடனே பிடிக்கிறது, நல்ல குரலில் உறுமுகிறது, அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் அணைந்துவிடுகிறது. மறுபடி திருகினால் மறுபடி அதே கதை. ஒரேயடியாகப் பிடிக்காமல் போனால் மனசு ஆறிவிடும், இது ஆசை காட்டி ஆசை காட்டி ஏமாற்றுகிறது. முந்தின ராத்திரிதான் குளிர் திடீரென்று இறங்கியிருந்தது, மூக்கு முடியெல்லாம் உறைந்துபோகிற குளிர், அதனால் குளிர்தான் காரணம் என்று நானும் நம்பினேன், ஊரும் நம்பியது. என்ஜினைச் சூடாக்கும் கரண்ட் வயரை ராத்திரியெல்லாம் மாட்டித்தான் வைத்திருந்தேன், அதை நான் மறக்கவில்லை, நெஸ்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான், எனக்குக் கோபம் வந்துவிட்டது.

கார் இல்லாவிட்டால் என்ன, வீட்டில் உட்கார் என்று நீ சொல்லலாம். உன் அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு என் கையால் ஊட்டினால்தான் வாயைத் திறக்கிறார். பராமரிப்பு இல்லத்தில் அந்த மரிசெல் பெண், பிலிப்பைன்ஸ்காரி, தங்கமான குணம், அவளும் கெஞ்சிப் பார்க்கிறாள், அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாராம். நான் போகாத நாளில் நாலு மடக்கு ஜூஸ், அவ்வளவுதான். "எடை குறைஞ்சுக்கிட்டே வருது ஆன்ட்டி, இப்படியே போனா வயித்துல குழாய் வெக்கணும்னு டாக்டர் சொல்றாரு" என்று போன வாரம் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நெஸ்டர் முடிந்த நாளில் தன் பிக்கப்பில் கூட்டிப் போகிறார், ஆனால் அவருக்கு மாடு இருக்கிறது, கன்று இருக்கிறது, அவர் கிளம்பி வருவதற்குள் சில நாள் மத்தியானம் தாண்டிவிடுகிறது, தட்டை எடுத்துவிடுகிறார்கள்.

அவர் சும்மாவும் இருக்கவில்லை. பெட்ரோல் குழாயில் தண்ணீர் உறைந்திருக்கும் என்று ஒரு மருந்தை வாங்கி வந்து டாங்கியில் ஊற்றினார். அடுத்த நாள் காற்று வடிகட்டியைத் திறந்தார், உள்ளே எலி கூடு கட்டி, பூனைக்கு வைத்த தீனியையெல்லாம் கொண்டுவந்து சேர்த்து வைத்திருந்தது. "பரஸ்கா, உன் பூனை எலிக்கு இலவசச் சாப்பாடு போட்டு வளக்குதும்மா" என்று சிரித்தார். அதைச் சுத்தம் செய்து மூடியும் பலன் இல்லை. பிறகு பனியில் மல்லாக்கப் படுத்து பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார், எழுந்தபோது மீசையே வெள்ளைக் கட்டியாக இருந்தது. காலை ஆக்ஸிலேட்டரில் அழுத்திக்கொண்டே திருகச் சொன்னார், அழுத்தினேன், கத்திவிட்டு அணைந்தது. முன்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்குகிறதே, அது என்ன என்று கேட்டேன். "பழைய வண்டில ஏதாச்சும் ஒண்ணு மினுக்கிட்டுத்தான் இருக்கும், என் பொண்டாட்டி முணுமுணுக்கற மாதிரி, கண்டுக்காத" என்றார். அவருடைய பிக்கப் ஆணியை விட்டுத் திருகினாலும் ஓடும், அவருக்கு எப்படித் தெரியும்? ஊர் மெக்கானிக்கிடம் வரிசை நீளம். கடைசியில் "அதுக்குக் காலம் முடிஞ்சுது, பழைய இரும்புக்காரன்கிட்ட தள்ளிவிடு" என்று சொல்லி, வியாழக்கிழமை வந்து இழுத்துப் போக அவரே ஆளும் பேசிவிட்டார். நானும் அலுத்துப்போய்ச் சரி என்றேன், அன்று முழுக்க எதையும் உருப்படியாகச் செய்யவில்லை, மாவைப் பிசைந்து வைத்துவிட்டு உருளைக்கிழங்கு வேகவைக்க மறந்துவிட்டேன்.

நேற்று நெஸ்டர் சீக்கிரம் வந்தார். அப்பாவுக்குக் கடைந்த போர்ஷ் சூப்பை ஊட்டிக்கொண்டே நான் வழக்கம்போலப் புலம்பிக்கொண்டிருந்தேன். இதோ பார், உன் கார் வியாழக்கிழமை போகப்போகிறது என்று சொல்லி, பையிலிருந்து சாவியை எடுத்து அவருடைய இடது கையில் வைத்தேன், அதுதானே வேலை செய்கிற கை. அவர் கட்டைவிரலால் சாவித் தலையைத் தடவினார், தடவிவிட்டு முகத்தைச் சுளித்தார், அதை என் மடியில் விட்டெறிந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து முனகலைத் தவிர ஒன்றும் பேசாத மனுஷன், வாயைக் கோணலாக வைத்துக்கொண்டு, "இது... கதவு பூட்டுற சாவி" என்றார். கரண்டி என் கையிலிருந்து நழுவிவிட்டது.

உனக்கே தெரியும், இங்கே குளிர்காலத்தில் ஒரு சாவியைப் போட்டு என்ஜினை ஓடவிட்டு, இன்னொரு சாவியால் வெளியிலிருந்து கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே வந்து காபி குடிப்போம். அந்த இரண்டாவது சாவியை அப்பாதான் ஹார்டுவேர் கடையில் வெட்டி வந்தார். கதவை மட்டும் பூட்டுவதற்கு மொட்டைச் சாவி போதும் என்று அப்போதே சொன்னார், நான் எதைக் காதில் வாங்கினேன்? மரிசெல் ஓடிவந்து பார்த்துவிட்டு, "எங்க வண்டியும் அப்படித்தான் ஆன்ட்டி, நெஜச் சாவியோட தலைக்குள்ள ஒரு சிப் இருக்கும், அது இல்லாட்டி திருடன் வந்துட்டான்னு நெனச்சு வண்டி நின்னுடும், அந்தச் செவப்பு லைட்டு அதுக்குத்தான்" என்றாள். இத்தனை நாள் என் காரை நானே திருடிக்கொண்டிருந்திருக்கிறேன். நீ போன அன்று ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தேன், சாவி என்றால் சாவிதானே என்று இருந்துவிட்டேன், கறுப்புத் தலைச் சாவி எங்கே என்று யோசிக்கவே இல்லை.

அதை நான் மரிசெலிடம் கேட்டுக்கொண்டிருந்தேன், அப்பாவிடம் கேட்கவில்லை. கைப்பையில் இல்லை, அடுப்படியில் இல்லை, எங்கே போய்த் தொலைந்தது என்று. அப்போது அவர் பின்னாலிருந்து சொன்னார், "ஹாலியா. செவப்புக் கோட்டு."

அந்தக் கோட்டை இந்தத் தடவை இங்கே வரும் வழியில்தான் வாங்கினாய், அதற்கு முன் அவர் அதைப் பார்த்ததே இல்லை. கடைசி நாள் அதைப் போட்டுக்கொண்டு அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே என்னென்னவோ பேசினாய், அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வராந்தாவில் என் தோளில் சாய்ந்து, "அவருக்கு நான் யாருன்னே தெரியலம்மா" என்று அழுதாயே. தெரியும்டி என்று நான் சொன்னது உன் ஆறுதலுக்காக, எனக்கே நம்பிக்கை இல்லை. அவர் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் ஹாலியா, சாவி உன் பைக்குள் போவது வரைக்கும் பார்த்திருக்கிறார்.

இரும்புக்காரரை வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. நெஸ்டர்தான் பனியில் படுத்தது வீணாகிவிட்டது என்று உம்மென்று இருக்கிறார், முட்டைக்கோஸ் இலையில் சோறு சுற்றி அவருக்கு ஒரு பானை ஹொலுப்சி செய்து கொடுத்துச் சமாதானப்படுத்த வேண்டும். நீ சாவியைப் பஞ்சில் சுற்றி முதல் தபால் விமானத்தில் போட்டுவிடு, தாமதிக்காதே, மத்தியானம் தவறினால் அவர் பட்டினி. தினமும் உன் பெயரைச் சொல்கிறார் என்று நான் புளுகமாட்டேன். ஒரே தடவைதான் சொன்னார், ஆனால் யாரும் கேட்காமல் சொன்னார்.

கடவுள் உன்னைக் கண்போல் காக்கட்டும், உன் கைபட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்கட்டும், காதை மூடாமல் வெளியே போகாதே. எந்தப் பை என்று அப்பா சொல்லவில்லை, இரண்டு பையிலும் கைவிட்டுப் பார்.

உன் அம்மா,
பரஸ்கா